அட்வான்ஸ் எழுதிய இடம்

பகலில் நான் வீட்டில் இருந்தால் எத்தனை தடவை அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து பார்ப்பேன் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சிரிப்பாள். குளித்துவிட்டு வந்து தலை துவட்டும் முன்பே ஒரு தடவை. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தடவை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ஒரு தடவை. மூன்று எழுத்தைத் தட்டி என்டர் போட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக் கணக்கு முழுவதும் மேலிருந்து கீழே விழும். வங்கியில் இவ்வளவு, கையில் இவ்வளவு, பாலுக்குப் போனது இவ்வளவு, பஸ்ஸுக்குப் போனது இவ்வளவு. நான் புதிதாக எதையும் எழுதாமல் அதில் ஒரு ரூபாய்கூட மாறாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தட்டுவேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் அது.

இதில் பாதி பெரியவளுக்குத் தெரியும். சின்னவனுக்கு ஒன்றும் தெரியாது. விடுதியில் இருந்து படிக்கிற பையனை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று அம்மா சொல்ல விடவில்லை. அம்மாவின் பட்டாசுத் தொழிற்சாலை வேலை விஷயத்தில் இந்த ஒரு வருஷம் நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் இருவரும் ஒரே மாதிரி தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு டைப் அடித்து அடித்து விரல் பழகியிருக்கிறதே தவிர, கோர்வையாக எழுதிப் பழக்கமில்லை. முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது பெரியவள் என் செல்போனில் இருந்த கணக்கு ஆப்பைப் பார்த்தாள். பால் செலவை எழுதப் போனால் கடன் வேண்டுமா என்று ஒரு விளம்பரம் வந்து மறைத்தது. "இதை வச்சுக்கிட்டா கணக்கு எழுதுறீங்க?" என்றவள், தன்னுடைய பழைய லேப்டாப்பைத் தையல் மிஷின் மேல் வைத்தாள். அதில் ஒரு புரோகிராம் ஏற்றினாள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் நாம் எழுத வேண்டும். தேதி, என்ன விஷயம், அதற்குக் கீழே இரண்டு வரி. பணம் எங்கே போனது என்று ஒரு வரி, எங்கிருந்து போனது என்று ஒரு வரி. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் இங்கிலீஷில் சண்டைக்கு வரும்.

"எந்த ரூபாயும் சும்மா வராதுப்பா, சும்மா போகாது. எங்கயோ ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகருது. ரெண்டு இடத்தையும் எழுதிட்டா முடிஞ்சுபோச்சு" என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது.

முதல் வாரம் முழுவதும் திட்டு வாங்கினேன். பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் இரண்டு இடம் விட வேண்டுமாம். ஒரு இடம் மட்டும் விட்டால் எண்ணையும் பெயரோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. தலைப்பை எல்லாம் தமிழிலேயே அடித்தேன். வங்கி, ரொக்கம், செலவு, வரவு என்று போட்டேன். தமிழ் எழுத்து வந்தால் அந்தத் திரையில் எண்கள் வரிசையில் நிற்காது, ஒன்று முன்னே தள்ளும், ஒன்று பின்னே போகும். பிரஸ்காரன் கண்ணுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் கூட்டல் தப்பாது.

அப்போதுதான் அம்மா முதல் தடவையாகப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். அவளுடைய சம்பளம் வரவு என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

"இது என்ன, என் சம்பளத்துக்கு முன்னால கோடு?"

"மைனஸ்."

"நான் வெடி ஆபீசுல குனிஞ்சு குனிஞ்சு சம்பாரிச்சது மைனஸு. நீங்க கடையில குடிச்ச டீ பிளஸ்ஸா? நல்லாருக்கே உங்க மக குடுத்த பொட்டி!"

பெரியவளுக்குப் போன் போட்டோம். பணம் எந்த இடத்தில் இருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தில் மைனஸ் விழும், எந்த இடத்துக்கு வந்து சேருகிறதோ அங்கே பிளஸ் விழும், வரவுக்கு மைனஸ் இருந்தால் நல்லதுதான் என்று அவள் விளக்கினாள். அம்மா கேட்டுக்கொண்டு, "மைனஸ்னா நல்லதுன்னு சொல்றதுக்கு மெட்ராஸ் கம்பெனியில சம்பளம் வேற குடுக்காக" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மட்டும் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். மைனஸ் என்றால் வரவு. அந்தப் பாதிப் பாடத்தோடுதான் அடுத்த நாள் உட்கார்ந்து, தீபாவளியில் இருந்து விட்டுப்போன கணக்கை எல்லாம் தனியாக எழுதினேன். பக்கத்தில் இருந்து பார்க்கப் பெரியவள் ஊரில் இல்லை.

மாசி மாதம் ஒரு நாள் முற்பகலில் பிரஸ்ஸில் இருக்கும்போது சத்தம் கேட்டது. நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. கல் குவாரிச் சத்தம் வேறு, வெடி ஆபீஸ் சத்தம் வேறு. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் எல்லாரும் கையில் செல்போனோடு நின்றார்கள். வெம்பக்கோட்டைப் பக்கமாம் என்று ஒருவர் சொன்னார். இல்லை, அதற்கு இந்தப் பக்கம் என்று இன்னொருவர். அம்மாவின் ஆபீஸ் அந்தத் திசையிலேயே இல்லை. நான் அடித்துக்கொண்டிருந்த லேபிளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அவளுக்குப் போன் போட முடியாது, வேலை செய்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது.

கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். அம்மா வெயிலில் நடந்து வந்தாள். முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி மாதிரி மின்னியது.

"என்ன?"

"சத்தம் கேட்டுச்சு."

"எங்களுக்கும்தான் கேட்டுச்சு. நமக்கு ஒண்ணுன்னா போன் பண்ணிச் சொல்ல மாட்டாகளா? அதுக்குள்ள வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தா அரை நாள் சம்பளத்தைப் பிடிக்க மாட்டாகளா உங்க மொதலாளி? போங்க, போங்க. பொம்பளைக எல்லாம் சன்னல் வழியா எட்டிப் பாக்காக."

திரும்பி வந்தேன். சம்பளத்தைப் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் அவள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று, "வேலைய விட்டு நின்னுரு" என்றேன்.

"நிக்கச் சொன்னா நிக்கேன். சோத்துக்கு?"

"என் சம்பளம் இருக்கு."

"உங்க சம்பளம் பாதி மாசத்துக்கு இருக்கு. மிச்சப் பாதிக்கு?"

ஒரு பேச்சுக்கு அவளே வழி சொன்னாள். அந்தக் கறுப்புப் பெட்டியில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால், அவள் நிற்கிறாள். அதற்குள் வீட்டில் இருந்து செய்கிற அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையைப் பிடித்துக்கொள்ளலாம். "பெட்டி சொல்லட்டும், நான் கேக்கேன்" என்று தண்ணீரை உதறினாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். தீபாவளி கழிந்தால் பிரஸ்ஸில் லேபிள் ஆர்டர் குறையும், பல நாள் மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? மூன்று எழுத்து, என்டர். வங்கி இருப்பைப் பார்ப்பேன். மாதச் செலவைப் பார்ப்பேன். மனதுக்குள் வகுப்பேன். எழுந்து வாசல்வரை போவேன். வானத்தைப் பார்ப்பேன், வெயில் ஏறி இருக்கிறதா என்று. வெயில் ஏறினால் வெடிமருந்து சூடாகும் என்பது நம் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரும்ப வந்து மறுபடியும் தட்டுவேன்.

ஒரு நாள் பாங்கிலிருந்து வந்த மெசேஜில் ஒரு எண், என் திரையில் ஒரு எண். வித்தியாசம் பதினெட்டு ரூபாய். மதியம் முழுவதும் தேடினேன். பால் சரி. காய்கறி சரி. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனுக்குக் கொடுத்ததும் சரி. அம்மா வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாரு செத்துப்போனா? இப்பிடி உக்காந்திருக்கீக."

"பதினெட்டு ரூவா இடிக்குது."

"இந்தாங்க" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாயை எடுத்து லேப்டாப் மேல் வைத்தாள். "ரெண்டு ரூவா நீங்களே வச்சுக்கங்க."

மெசேஜ் அனுப்புவதற்கு என்று பாங்கே எடுத்துக்கொண்ட பணம் அது. கண்டுபிடித்து எழுதி, இரண்டு எண்ணும் ஒன்றானபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இந்தப் பெட்டி பொய் சொல்லாது என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குள் உறுதியாக உட்கார்ந்தது. கீழே கூட்டல் பூஜ்யம் என்று வந்தால் எல்லாம் சரி. அப்படித்தான் நினைத்தேன்.

வைகாசியில் நான் கட்டி முடித்த சீட்டுப் பணம் கைக்கு வந்தது. அதை எழுதிவிட்டுத் தட்டினேன். வகுத்தேன். மறுபடி வகுத்தேன். மூன்று மாதத்துக்கு வந்துவிட்டது, கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். அவள் மைனஸ், பிளஸ் எல்லாம் கேட்கவில்லை. கடைசி எண்ணை மட்டும் எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாய்விட்டுப் படித்தாள்.

"நெசமாவா?"

"நெசந்தான்."

"அப்ப சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது சொல்லிரட்டா?"

"சொல்லிரு."

அந்த வாரம் முழுவதும் அவள் நடையே வேறு. வெள்ளிக்கிழமை கோழி எடுத்துவரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கோழி எடுக்கிற வீடா நம் வீடு? அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் பேச்சுச் சத்தம் இல்லாமல் வந்தாள். வழக்கமாக நம் தெருப் பெண்களோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே வருவாள். வந்து நேராகத் தையல் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

"அட்வான்ஸை எதுல எழுதியிருக்கீக?"

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த அட்வான்ஸ் என்று கேட்டேன்.

"தீபாவளி முடிஞ்சு ஆபீஸ் தொறந்தன்னைக்குக் குடுத்தாகளே, சின்னவனுக்குப் பீஸ் கட்டுனோமே, அந்த அட்வான்ஸ். நிக்கேன்னு சொன்னதும் கணக்கப்பிள்ளை நோட்டைத் தொறந்து, 'சரிக்கா, அட்வான்ஸைக் கட்டிட்டு நின்னுக்கங்க'ன்னுட்டாரு. எதுல எழுதியிருக்கீக?"

"வரவுல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். "நானும் வரவுன்னுதான் நெனச்சிருந்தேன்" என்றாள்.

சின்னவனே, நீ இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் தெருவில் யாரும் அட்வான்ஸைக் கடன் என்று சொல்ல நீ கேட்டிருக்க மாட்டாய். "ஆபீசுல குடுத்தாக" என்பார்கள். "இந்த வருசம் எம்புட்டுக் குடுத்தாக?" என்று ஒருவருக்கொருவர் கேட்பார்கள், போனஸைக் கேட்கிற மாதிரி. ஆளை வேறு இடத்துக்கு விடாமல் நிறுத்தி வைக்கத்தான் அந்தப் பணம். வாரச் சம்பளத்தில் அதைப் பிடிக்க மாட்டார்கள். வருஷா வருஷம் அது அப்படியே நிற்கும், மேலே கொஞ்சம் சேரும். வேறு ஆபீசுக்குப் போனால் புதிய ஆபீஸ்காரர் பழைய ஆபீசுக்குக் கட்டிவிட்டு ஆளை எடுத்துக்கொள்வார். தொழிலாளி தன் கையால் எண்ணித் திருப்பிக் கொடுக்கிற பேச்சே வராது. கூரைக்குச் சிமெண்டு ஷீட் போட்டது, கம்மல் மீட்டது, பிள்ளைக்குப் பீஸ் கட்டியது எல்லாம் அந்தப் பணத்தில்தான். வேலையையே விட்டுவிட்டு வீட்டுக்கு வர நினைக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது கடன். அப்படி நினைத்தவர்கள் எங்களுக்குத் தெரிந்து யாரும் இல்லாததால், அது கடன் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பெரியவளுக்குப் போன் போட்டேன். எனக்கு அந்தப் பெட்டி மேல் கோபம். "பூஜ்யம்னு காட்டுச்சே, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

"அதுக்கு எப்படிப்பா தெரியும்? வருமானமும் மைனஸ், கடனும் மைனஸ். ரெண்டும் வெளிய இருந்து வந்த பணம்தான. நீங்க வரவுன்னு எழுதினா வரவுன்னு கூட்டும், கடன்னு எழுதினா கடன்னு கூட்டும். ரெண்டு வழியிலயும் பூஜ்யம்தான் வரும். அதுக்குக் கூட்டத்தான் தெரியும். எது என்னன்னு நாமதான் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கு ஏன்ப்பா அன்னைக்கே காட்டல? அட்வான்ஸ் எம்புட்டு, நான் அனுப்புறேன்" என்றாள்.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "நீ உன் ரூம் வாடகையைக் கட்டு தாயி. வாங்குனது நானு." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பெரியவளைப் பேச விடவில்லை.

திருத்துவதற்கு ஒரே ஒரு வார்த்தைதான். வரவு என்று இருந்த இடத்தில் கடன் என்று அடிக்க வேண்டும். தொகை மாறாது, தேதி மாறாது. அடித்துவிட்டுத் தட்டினேன். கீழே அதே பூஜ்யம். ஆனால் நடுவில் கடன் என்று ஒரு புதிய தலைப்பு முளைத்து, அதன் கீழே அம்மாவின் ஆபீஸ். அதை வங்கி இருப்பில் இருந்து கழித்துப் பார்த்தேன். மிச்சம் ஒரு மாதத்துக்குக்கூட நிற்காது.

திங்கட்கிழமை அவள் மறுபடியும் வேலைக்குப் போனாள். போய் ஒரு காரியம் செய்தாள். வாரா வாரம் சம்பளத்தில் அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். அந்த ஆபீசில் அப்படி யாரும் கேட்டதில்லை போல. "எதுக்குக்கா, நாங்க கேட்டமா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாராம் அவர். "கெடக்க வேண்டாம், பிடிங்க" என்று நின்று எழுதவைத்துவிட்டு வந்தாள்.

ஆனி, ஆடி. சனிக்கிழமை தவறாமல் அவள் சொல்லும் தொகையை எழுதுவேன். சம்பளம் முழுவதும் வரவில். பிடித்தது கடனில். கையில் வந்தது ரொக்கத்தில். அந்த மைனஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவளும் இப்போது பக்கத்தில் வந்து நின்று, "எம்புட்டு இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். சொல்வேன். அவள் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு போவாள்.

ஆடி கழிந்து சீசன் சூடுபிடித்தது. தீபாவளி லோடு அனுப்ப வேண்டும், ஆபீஸ் முழுக்க அவசரம். பிடித்தம் கூடிக்கொண்டே போனதைக் கவனித்தேன். அவளுக்குச் சம்பளம் உருப்படிக் கணக்கு, எவ்வளவு செய்கிறாளோ அவ்வளவு. "என்ன, இந்த வாரம் இவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வெரசாச் செஞ்சேன். சாப்பாட்டு நேரத்துல உக்காரல."

அவளை அந்த இடத்தில் இருந்து எடுப்பதற்காகத்தான் நான் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்கைப் பார்த்துப் பார்த்து அவள் அதே இடத்தில் கையை வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வெடி வேலையில் வேகம் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"மெதுவாச் செய்யி" என்றேன்.

"மெதுவாச் செஞ்சா உங்க மைனஸ் எப்பிடிக் கரையும்?"

"கரையாட்டிப் போகுது. தீபாவளி தாண்டட்டும்."

"தீபாவளி தாண்டுனா அடுத்த அட்வான்ஸைக் கையில திணிப்பாக. ஊரே வாங்கும். நான் மட்டும் வேண்டாம்னு நிப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்லை. அதுக்கு முன்னால முடிக்கணும்."

அதன் பிறகு அவள் கேட்டாலும் தொகையைச் சொல்லவில்லை. கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டரின் மாதிரிகள் வைத்த ஆல்பம் போட்டதில் இருந்து பிரஸ்ஸிலும் வேலை ஏறியிருந்தது. கடைப்பெயர், போன் நம்பர் என்று காலண்டர் அடியில் அடிக்கிற வேலையை எல்லாம் நானே கேட்டு வாங்கினேன். ஓவர்டைம் பணம் வந்ததும் வங்கியில் போடாமல் அவள் கையில் கொடுத்து, "இதையும் அட்வான்ஸ்ல கட்டிரு. கையை மட்டும் மெதுவா ஓட்டு" என்றேன். வாங்கி எண்ணினாள். "டீக்கு எடுத்துக்கிட்டீகளா?" என்றாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அவள் சொன்ன தொகையை எழுதிவிட்டுத் தட்டினேன். கடன் என்ற தலைப்பைக் காணவில்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன். வங்கி இருக்கிறது, ரொக்கம் இருக்கிறது, செலவு இருக்கிறது. கடன் இல்லை. எழுத்துப் பிழையில் வேறு எங்கோ போய் ஒட்டிக்கொண்டது என்று கோப்பை முதலில் இருந்து வரி வரியாகப் படித்தேன். அம்மா பின்னால் நின்றுகொண்டு, "என்ன, பெட்டி படுத்துருச்சா?" என்றாள். கடைசியில் அந்த ஒரு தலைப்பை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். பூஜ்யம். ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அந்த இடத்தை அது காட்டுவதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"முடிஞ்சிருச்சு" என்றேன்.

"எதுவும் எழுதலையே அங்கன?"

"எழுதாட்டி முடிஞ்சதுன்னு அர்த்தமாம்."

அவள் நம்பவில்லை. கணக்கப்பிள்ளைக்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமையில் இருந்து வேலைக்கு வரவில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் ஆபீஸ் போர்மேன் வந்தார். எங்களைவிட வயதில் சின்னவர், அம்மா மேல் மரியாதை உள்ளவர். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சீசன் நேரம், கை பழகிய ஆள் ஒருவர் குறைந்தாலும் அவருக்குக் கஷ்டம்.

"யக்கா, என்ன திடீர்னு இப்பிடிப் பண்ணிட்டீக? தீபாவளிக்கு எம்புட்டு நாள் இருக்கு சொல்லுங்க. அண்ணாச்சி, நீங்களாவது சொல்லப்படாதா?"

"நான் என்னத்தச் சொல்ல" என்றேன்.

அவர் சட்டைப் பையில் இருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார். "மொதலாளி குடுத்துவிட்டாரு. போன தடவையைவிடக் கூடவே இருக்கு. மத்த ஆளுகளுக்குத் தீபாவளி கழிஞ்சுதான். உங்களுக்கு இன்னைக்கே."

அம்மா அதைத் தொடவில்லை. ஆனால் பார்த்தாள். எனக்கு அது தெரிந்தது. சின்னவனே, உனக்கு அடுத்த மாதம் பீஸ் கட்ட வேண்டும் என்பது எங்கள் இருவர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டைப் பிரித்தால் பீஸும் போக, வீட்டுக்கும் மிச்சம் இருக்கும். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். உழைத்தவள் அவள், கட்டியவள் அவள். என் வாயால் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இதை வாங்குனா எதுல எழுதுவீக?"

"கடன்ல."

"வரவுல எழுத வழியே இல்லையா?"

"இல்லை."

அவள் போர்மேனைப் பார்த்து, "எடுத்துக்கங்க தம்பி. இவுக எழுத மாட்டேங்காக" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி எழுதாட்டி என்னக்கா, நாங்க எழுதிக்கிறோம் எங்க நோட்டுல."

"அதுதான் எனக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. குரலில் விளையாட்டு இல்லை.

அவர் கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, சீசன் முடியட்டும் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி தெரு முக்கில் திரும்பும் வரை அம்மா வாசலில் நின்றாள். பிறகு என்னிடம், "இந்தத் தீபாவளி வரைக்கும் மட்டும் போயிருக்கலாமோ?" என்றாள். எனக்கும் அதே யோசனைதான் ஓடியது. இல்லை என்று எழுதினால் உங்களிடம் பொய் சொன்னதாகும்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. அம்மா வீட்டில் பெட்டி ஒட்டுகிறாள். ஆபீஸ் சம்பளத்தில் பாதிகூட அதில் வராது. சின்னவனே, உன் பீஸை வங்கியில் இருந்து எடுத்துக் கட்டிவிட்டேன். திரையில் அந்த எண் இறங்கியதைப் பார்த்ததும் மறுபடியும் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். மூன்று மாதம் என்று வைத்திருந்தது இப்போது மூன்று மாதம் இல்லை. காலண்டர் வேலை மார்கழியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி உங்களிடம் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மதியம் ஆகிவிட்டது. நல்ல வெயில். அம்மா பின்கட்டில் அட்டைகளைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருக்கிறாள், இங்கிருந்து தெரியாது. சும்மா ஒரு தடவை கூப்பிட்டேன். "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்சம் எழுதிவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

"சும்மா சும்மா கூப்பிட்டு உசுர வாங்காதீக" என்று அங்கிருந்தே கத்துகிறாள். "பசை காயுது!"